கட்டிலருகே ஒரு குப்பி

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994-ல் தொற்றுத் தடுப்பு மருத்துவர் டிடியே பிட்டேயின் குழு ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. வார்டு வார்டாகப் போய் நிற்பது, கை சுத்தம் செய்யவேண்டிய தருணம் வந்தபோது ஊழியர்கள் செய்தார்களா என்று குறித்துக்கொள்வது, அவ்வளவுதான். அடுத்த சில ஆண்டுகளில் இப்படி 20,000-க்கும் மேற்பட்ட தருணங்கள் பதிவாயின. தொடக்கத்தில் தெரிந்த விஷயம்: நூற்றுக்கு 48 முறைதான் கைகள் சுத்தமாயின. செல்வச் செழிப்பான நாட்டின் பெரிய மருத்துவமனை அது. சோப்புக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. கை கழுவவேண்டும் என்று தெரியாதவரும் அங்கே இல்லை.

சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1997-ல் வோஸ், விட்மர் என்ற இரு ஆய்வாளர்கள் போட்ட கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 ஊழியர்கள் ஒரு ஷிப்ட் முழுக்க, விதிப்படி ஒருமுறைகூடத் தவறாமல் குழாயடிக்குப் போய்க் கை கழுவினால், கழுவுவதற்கே மொத்தம் 16 மணி நேரம் செலவாகும். அதாவது, இரண்டு பேர் வேறு வேலையே பார்க்காமல் நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டு நிற்பதற்குச் சமம். கட்டிலருகே ஆல்கஹால் திரவம் இருந்தால் அதே வேலைக்கு 3 மணி நேரம் போதும்.

பிட்டேயும் அந்த வழியைத்தான் பிடித்திருந்தார். மருத்துவமனை மருந்தாளுநர் வில்லியம் கிரிஃபித்ஸ் உருவாக்கித் தந்த ஆல்கஹால் திரவம் கட்டில்தோறும் வந்தது. சட்டைப்பையில் அடங்கும் குப்பிகளும் வந்தன. சுவர்களில் படங்கள் ஏறின. 1997-ல் 48 என்பது 66 ஆனது. மருத்துவமனைக்கு வந்த இடத்தில் தொற்றுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 என்றிருந்தது, 1998-ல் 10 ஆகக் குறைந்தது. குப்பி ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பல மாற்றங்கள் சேர்ந்தே நடந்தன. ஆனால் இன்னொரு தகவலை நான் ரசித்தேன்: செவிலியர்களும் நர்சிங் உதவியாளர்களும் நன்றாக முன்னேறினார்கள், மருத்துவர்கள் பழையபடியே இருந்தார்கள். படிப்புக்கும் கைச் சுத்தத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான் போல.

உதவியாளரின் கையைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, உடம்பு துடைப்பது, பெட்பான் வைப்பது, சிறுநீர்ப் பையைக் காலிசெய்வது, சோறூட்டுவது என எல்லாம் அந்தக் கை வழியாகத்தான் நடக்கிறது. நம் எல்லோர் தோலிலும் நிரந்தரக் குடிகளாக நுண்ணுயிரிகள் உண்டு. அவை தோலின் அடுக்குகளுக்குள் ஊன்றிக் கிடப்பவை. எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போகமாட்டா, பெரும்பாலும் தொல்லையும் தருவதில்லை. தொட்ட இடத்திலிருந்து வந்து மேலாக ஒட்டிக்கொள்பவை வேறு. வார்டில் நோய் பரப்புபவை பெரும்பாலும் இவைதான். சில நிமிடங்களில் அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். நல்லவேளை, மேலாக இருப்பதால் எளிதில் அகற்றவும் முடியும்.

அடுத்த கட்டில்வரைகூடப் போகவேண்டியதில்லை. ஒரே நோயாளியின் சிறுநீர்ப் பையைத் தொட்ட கை, அவர் கையில் செருகியிருக்கும் ஊசிக்குழாயைத் தொட்டால் போதும். குடலில் சாதுவாக இருந்த அவருடைய சொந்தக் கிருமியே ரத்தத்துக்குள் போய் எதிரியாகிவிடும். ‘அதே ஆள்தானே’ என்ற நினைப்பு வருவது இயல்பு; ஆபத்தும் அங்கேதான். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களில், சுத்தமான சிகிச்சை வேலைக்கு முன்பும் உடல் திரவம் பட வாய்ப்புள்ள வேலைக்குப் பின்பும் எனத் தனித்தனியாக இரண்டு இருப்பது இதற்காகத்தான். நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் என்பவை மற்ற மூன்று. கட்டில் கம்பியை மட்டும் பிடித்துவிட்டு நகர்பவர் கடைசித் தருணத்தை மறந்துவிடுகிறார்.

குப்பியில் இருப்பது சுத்த ஆல்கஹால் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு கலவையில் எத்தனால் 80 சதவீதம். சுத்தமானது இன்னும் வலுவாக வேலை செய்யாதா? செய்யாது. ஆல்கஹால் கிருமியின் கொழுப்புச் சவ்வைக் குலைக்கிறது, உள்ளிருக்கும் புரதங்களைக் கொதிநீரில் விழுந்த முட்டை வெள்ளைக்கரு மாதிரி உருமாற்றிவிடுகிறது. புரதம் இப்படிக் குலைவதற்குத் தண்ணீரும் வேண்டும். கை வறண்டு வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் கிளிசரால் சேர்க்கிறார்கள். துளி ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. அது கைக்காக அல்ல, குப்பிக்குள்ளேயே தங்கிவிடக்கூடிய பாக்டீரியா வித்துகளை (ஸ்போர்) அழிக்க.

இந்த வித்துதான் ஆல்கஹாலின் தோல்வி. கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக் குடலின் நல்ல கிருமிகளை இழந்தவர்களைக் கடும் பேதியில் தள்ளும். அது கெட்டியான உறை போர்த்திய வித்தாக மாறி, உலர்ந்த பரப்பில் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆல்கஹாலை அதன் தலையில் ஊற்றினாலும் கவலைப்படாது. சோப்பும் அதைக் கொல்வதில்லை. ஆனால் தேய்த்து, கிளப்பி, ஓடும் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. ஆகவே இந்த நோயாளியிடம் வேலை பார்த்தவர் 40 முதல் 60 விநாடி குழாயடியில் நிற்கத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ பட்ட கைக்கும் அப்படித்தான். மற்ற நேரங்களில் திரவத்தை 20 முதல் 30 விநாடி, காயும்வரை தேய்த்தால் போதும். விரல் நுனிகளும் கட்டைவிரலும் அடிக்கடி விடுபட்டுப்போகும் இடங்கள்.

கிளவுஸ் போட்டால் இதெல்லாம் வேண்டாமே என்று தோன்றும். எனக்கென்னவோ வெறுங்கையைவிடக் கிளவுஸ் போட்ட கையைப் பார்த்தால்தான் பயம். வெறுங்கையில் ஈரம் பட்டால் உடனே உறுத்தும், கழுவத் தோன்றும். கிளவுஸ் அந்த உணர்வை மறைத்துவிடுகிறது. அதே கிளவுஸோடு திரைச்சீலையை இழுக்கிறார்கள், செல்போனை எடுக்கிறார்கள், கதவைத் திறக்கிறார்கள். போட்டிருப்பவரின் தோல் ஓரளவு பத்திரம், வார்டு அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாகவும், கழற்றும்போது வெளிப்புறம் உரசுவதாலும் தோலிலும் கிருமி ஏறிவிடும். அதனால் ஒன்றைப் பிடித்து உள்புறம் வெளியே வரும்படி உரித்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, மற்றதன் மணிக்கட்டு விளிம்புக்குள் விரல் நுழைத்து அதே மாதிரி உரிக்கச் சொல்லித் தருகிறார்கள். அதைக் குப்பைத்தொட்டியில் போட்ட பிறகும் கை சுத்தம் செய்யவேண்டும்.