வெட்டினால்தான் தப்பும் நுனி

மனித செல்லில் 46 குரோமோசோம்கள், ஆக 92 நுனிகள். பழுதுபார்க்கும் புரதங்களுக்கு அந்த நுனியும் டி.என்.ஏ. அறுந்த இடமும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு நுனிகளைச் சேர்த்து ஒட்டிவிட்டால், அடுத்த பிரிவில் அந்த இரட்டைக் குரோமோசோம் இருபுறமும் இழுபட்டுக் கண்ட இடத்தில் பிய்ந்துபோகும். அறுந்த குரோமோசோம்கள் இப்படி ஒட்டுவதும் பிய்வதுமாகத் தொடர்வதைப் பார்பரா மெக்ளின்டாக் 1930களிலேயே மக்காச்சோளத்தில் கண்டார். அதனால் நுனியிலுள்ள டெலோமியரை, வெட்டும் ஒட்டும் புரதங்களை அண்டவிடாத உறை என்று சொல்லிவிடுகிறோம். இது பாதி உண்மைதான். நுனி தப்புவதற்கே ஒரு வெட்டும் நொதி தேவைப்படுகிறது. அதை அழைத்து வருவதும் காவல் புரதமே.

நம் டெலோமியரில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் ஓர் இழை மட்டும் சற்று நீண்டிருக்கும். அந்த வால் பின்னால் மடங்கி இரட்டை இழைக்குள் செருகிக்கொள்வதை ஜாக் கிரிஃபித்தும் டிட்டியா டி லாங்கேயும் 1999இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். சிக்கல் நகலெடுக்கும்போது வருகிறது. இடைவிடாமல் நகலாகும் பக்கத்தில் புதிய நுனி வாலின்றி மொட்டையாக முடிகிறது; ஒட்டும் புரதங்களுக்கு அதைவிட வசதியான இரை கிடையாது. ஷெல்டெரின் எனும் ஆறு புரதக் கூட்டணியில் ஒன்றான டிஆர்எஃப்2, அப்பல்லோ என்ற நொதியை அங்கே கூட்டிவருகிறது. அது ஓர் இழையைக் கொறித்து வாலை உண்டாக்குகிறது. எலிச் செல்களில் அப்பல்லோவை நீக்கினால், குறிப்பாக அந்தப் பக்கத்து நுனிகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நுனியை நிரந்தரமாக மடித்தே வைத்தால் போதாதா? போதாது, நகலெடுக்க அதைப் பிரித்தே ஆக வேண்டும். இன்னொரு ஆட்சேபம் வலுவானது. எலிக் கருவின் தண்டு செல்களில் டிஆர்எஃப்2 இல்லாமலே நுனிகள் பெரும்பாலும் ஒட்டாமல் தப்புவதாக 2021இல் தெரியவந்தது. ஆனால் அங்கேயும் மடிப்பு உருவாகவே செய்கிறது. வால் இல்லாமல் மடிப்பு ஏது? வெட்டுவது எல்லை மீறலாம் என்ற அச்சமும் நியாயமே. அப்பல்லோவுக்குப் பின் எக்ஸோ1 என்ற நொதி வந்து இன்னும் ஆழமாகக் கொறிக்கிறது. பிறகு சிஎஸ்டி என்ற மூன்று புரதக் குழு, டி.என்.ஏ. பாலிமரேஸ் ஆல்ஃபாவைக் கூட்டிவந்து, அளவுக்கு மீறி வெட்டியதை நிரப்புகிறது. அந்தக் குழுவின் சிடிசி1 புரதத்துக்கான மரபணு பழுதானால், விழித்திரை, மூளை, எலும்பு மூன்றையும் தாக்கும் கோட்ஸ் பிளஸ் என்ற அரிய நோய் வருகிறது.