வெயில் இலையும் நிழல் இலையும்

சித்தூர் மாவட்டத்தின் குடுபல்லி, குப்பம் பகுதிகளில் உள்ள வறண்ட இலையுதிர் காடுகளில், கோடையில் மரங்கள் இலைகளைக் கொட்டிவிடுவதால் வெயில் தரைவரை இறங்குகிறது. ஆனைமலையின் வால்பாறைப் பகுதி மழைக்காடுகளிலோ, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத மர உச்சிகள் நெருங்கிப் பின்னி விதானமாக மூடிக்கொள்வதால், மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே தரையை எட்டுகிறது. அந்த இருளில் முளைக்கும் வெடிப்பலா மரம் 30 மீட்டருக்கும் மேல் வளர்ந்து முழு வெயிலில் நிற்பதால், முற்றிலும் மாறுபட்ட இரண்டு சூழல்களுக்கும் அதன் இலைகள் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

உச்சிக் கிளைகளின் வெயில் இலைகள் சிறியவை, தடித்தவை. மேல்தோலுக்குக் கீழே நெருக்கமாக நிற்கும் நீண்ட பாலிசேடு செல்களே ஒளிச்சேர்க்கையின் பெரும்பகுதியைச் செய்பவை. வெயில் இலையில் அவை நீண்டும், பல மரங்களில் இரண்டு மூன்று அடுக்குகளாகவும் அமைவதால், மேலடுக்கைக் கடந்துவரும் ஒளியும் வீணாவதில்லை. தடித்த மெழுகுப்படலம் நீரிழப்பைக் குறைக்க, சாய்ந்து நிற்கும் இலைப்பரப்பு உச்சிவெயிலின் நேர்த்தாக்குதலைத் தணிக்கிறது.

நிழல் இலை அகன்றும் மெலிந்தும், கிடைமட்டமாக விரிந்தும் இருக்கும். அதன் பாலிசேடு பெரும்பாலும் ஒற்றை அடுக்கே. எடைக்கு எடை கணக்கிட்டால் அதில் பச்சையம் மிகுதி. மெல்லிய இலையைப் பேணச் செலவாகும் ஆற்றலும் குறைவு. விதான இடுக்குகளின் வழியே சில நொடிகளோ நிமிடங்களோ வந்துபோகும் ஒளித்திட்டுகளையும் அது விரைந்து பயன்படுத்திக்கொள்கிறது.

இலையின் தடிப்பும் செல் அடுக்குகளும் அது வளரும் பருவத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுவதால், முதிர்ந்த நிழல் இலை பின்னர் வெயில் இலையாக மாறுவதில்லை. பெருமரம் ஒன்று சாய்ந்து விதானம் திறக்கும்போது, கீழுள்ள கன்றின் பழைய இலைகள் மிகை ஒளியால் வெளிறக்கூடும். புதிதாகத் துளிர்ப்பவையே வெயிலுக்கேற்ற அமைப்போடு வருகின்றன. நாங்கு மரத்தில் தொங்கும் தளிர்களின் செந்நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி, பச்சையம் முழுமையாக உருவாகும்வரை மென்தளிரைக் கடும் ஒளியிலிருந்து காப்பதாகக் கருதப்படுகிறது.

சிதைந்த மழைக்காடுகளை மீட்போருக்கு இந்த அறிவு இன்றியமையாதது. நிழலில் வளர்ந்த முதிர்காட்டு மரக் கன்றைத் திடீரென வெட்டவெளியில் நட்டால் அது கருகும். படிப்படியாக ஒளிக்குப் பழக்கியோ, விரைந்து வளரும் உள்ளூர் மரங்களின் நிழலில் நட்டோ, புதிய இலைகள் விடுவதற்கான கால அவகாசத்தை அதற்கு அளிப்பதே காட்டை மீட்கும் முறையான வழி.