மழை விட்ட பிறகு வெள்ளம் வந்தது எப்படி?



அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்த மூன்று மாதமும் எங்கள் ஐந்தாம் வகுப்பு ஒரு செயல்திட்டம் செய்யப் போகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது. எங்க ஆயா வீடு கடலூரில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மழை குறைந்ததும் "அப்பாடா, தப்பிச்சோம்"னு ஆயா சொன்னாங்க. ஆனால் டிசம்பர் 2-ஆம் தேதி வீட்டுக்குள்ளே தண்ணி வந்துடுச்சு. அரிசி, துணிமணி, ஆயாவோட ரேஷன் கார்டு எல்லாம் நனைஞ்சு போச்சு. "மழை விட்ட பிறகு வெள்ளம் எப்படி டீச்சர் வரும்?" என்று கேட்டேன்.

டீச்சர் தரையில் சாக்பீஸால் ஆற்றை வரைந்து காட்டினார். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறக்கிறது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமெல்லாம் ஓடி, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. புயல் மேற்கே போய் அங்கெல்லாம் மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணை நிரம்பியதால் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது 100 கி.மீ.க்கு மேல் ஓடிவந்து ஆயா வீட்டு வாசலைத் தொட்டது. சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடத்திலும் இப்படித்தான். மேட்டூர் பக்கம் தண்ணீர் அதிகமானால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்.

அதனால் நாங்கள் செய்யப்போகும் மூன்று வேலைகள்:

1. மழைமானி: பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாக வைத்தால் புனல் ஆகிவிடும். (வெட்டும் வேலை டீச்சருக்கு!) அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் பூஜ்ஜியம் குறிக்க வேண்டும். அதற்கு மேலே ஸ்கேல் ஒட்ட வேண்டும். மரத்தடியில் வைக்கக் கூடாது. தினமும் காலை 8.30 மணிக்கு அளவு பார்த்துவிட்டு, பூஜ்ஜியம் வரை தண்ணீரைக் கொட்டிவிடுவோம். வானிலை ஆய்வு மையத்திலும் அதே நேரத்தில்தான் பார்க்கிறார்கள்.

2. அஞ்சலட்டை: எங்கள் அளவைச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கு வாரம் ஒருமுறை எழுதுவோம். அவர்கள் தங்கள் அளவை எழுதுவார்கள். ஒரே மாவட்டத்தில் மழை எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம்.

3. ஆற்று வரைபடம்: தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எங்கிருந்து வருகின்றன என்று சார்ட்டில் வரைவோம். ரேடியோவில் அணை திறப்புச் செய்தி வந்தால் அதில் சிவப்புப் பொட்டு வைப்போம்.

"மழை லீவு விட்டா யாரு அளப்பாங்க?" என்று ஒருத்தன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஆனால் நல்ல கேள்விதான்! பெரிய மழை அன்றுதானே லீவு விடுவார்கள். அதனால் குழுத்தலைவர் நான்கு பேர் வீட்டு முற்றத்திலும் ஒரு மழைமானி இருக்கும். மழையில் யாரும் பள்ளிக்கு ஓடிவரக் கூடாது.

தெரியுமா? ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 49 செ.மீ. பெய்தது. அப்படியென்றால் அந்தச் சின்னக் கட்டத்தில் மட்டும் 10 லிட்டர் வாளியால் 49 வாளி! ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் பெய்தால் அது அதிகனமழை.

நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று எல்லா அளவையும் வராண்டாவில் ஒட்டுவோம். வந்து பாருங்கள். வீட்டில் காலி பாட்டில் இருந்தால் எங்கள் வகுப்பில் கொடுங்கள்.

இன்னொன்று. ரேஷன் கார்டு, புத்தகம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வைக்கச் சொல்லி இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். எங்க ஆயா இப்போ பரண் மேலதான் வெச்சிருக்காங்க. மழை விட்டாலும் இறக்க மாட்டாங்க!



ஐந்தாம் வகுப்பு மாணவி