போல்ட் போகட்டும், மரை பிழைக்கட்டும்

சிறுமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் அதற்கப்பால் தோட்டத்து மண்பாதைகளையும் தாண்டி வரும் பழைய மகிந்திரா ஜீப்பின் அடிப்பாகம், மேலே சேற்றில் நனைகிறது, கீழே திண்டுக்கல் வெயிலில் காய்கிறது. இப்படி மாறி மாறி நனைந்து காயும் இரும்பில்தான் துரு விரைவாகப் பிடிக்கும். இரும்பு துருவானால் அதன் பருமன் குறைந்தது இரண்டு மடங்காகும். போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே மரையில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் பெருத்த துரு இரண்டையும் நெருக்கிப் பூட்டிவிடுகிறது. உடனே ஸ்பானரில் குழாயைச் செருகி, ஏறி மிதிப்பதுதான் பல பட்டறைகளில் முதல் வைத்தியம். அது கடைசி வைத்தியமாகக்கூட இருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஜாயிண்ட் ஷாஃப்ட்டின் போல்ட் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஆக்ஸில் ஹவுசிங்கில் வெட்டிய மரை கெட்டால் லேத்துக்குத்தான் ஓட வேண்டும். காப்பாற்ற வேண்டியது மரையை.

கம்பி பிரஷ்ஷால் மரையின் வெளித்துருவைத் தேய்த்து, துருவுக்குள் ஊறும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைப்பது முதல் வேலை. பிறகு போல்ட் தலையில் நேராக நாலு தட்டு. ஆறு முனை பாக்ஸ் ஸ்பானரால் முதலில் இறுக்கும் பக்கம் ஓர் அசைவு, அப்புறம் கழற்றும் பக்கம். மசியவில்லையென்றால் நட்டுக்கு மட்டும் சூடு. 12 மி.மீ. இரும்பு 300 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் நாலு பங்கு விரியும். துருவின் பிடி உடைய அதுவே போதும். பக்கத்தில் ஆயில் சீல் இருந்தால் கருகிவிடுமே என்பது நியாயமான பயம். அங்கே நெருப்பு வேண்டாம், நட்டை உளியால் பிளந்துவிடலாம். சூடு பட்ட போல்ட்டின் உறுதி குறைந்திருக்கும், அதை மறுபடி மாட்டக் கூடாது. நாளைக்கே வாழைத்தார் ஏற்ற வேண்டும், ஊறவைக்க நேரமேது என்பார் வண்டிக்காரர். முறிந்து உள்ளே நின்றுபோன போல்ட்டை நடு பிசகாமல் டிரில் போட்டு எடுத்து, டேப் போட்டு முடிப்பதற்குள் அந்த நாளே போய்விடும்.

மாட்டுவதும் கழற்றும்போதே தொடங்குகிறது. ஷாஃப்ட்டை இறக்கும் முன் இரு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். வளைந்த கோணத்தில் சுற்றும் கிராஸ் ஜாயிண்ட், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயிண்ட் அதே வரிசையில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்டிவிடும். ஸ்ப்லைனில் பல் மாறி ஏறினால் சரிக்கட்டாது. வண்டி அதிரும், புதுக் கிராஸ் சீக்கிரம் தேயும். இறுக்குவதற்குக் கைப்பக்குவம் போதும் என்பார்கள் அனுபவசாலிகள். அவர்கள் கையை நான் மதிக்கிறேன். ஆனால் ஸ்பானரில் போடும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பாகங்களைப் பிடித்து நிறுத்துகிறது, மிச்சமெல்லாம் உரசலில் போகிறது. துரு மிஞ்சிய மரையில் கைக்கு முறுக்கம் தெரியும், பிடிமானம் இருக்காது. எண்ணெய் பட்ட மரையில் அதே பலம் போல்ட்டை அளவுக்கு மேல் இழுத்துவிடும். ஆகவே மரையைச் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, முதல் லோடு இறக்கியதும் இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும்.