மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தல்

1981-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் 1 என்னும் கையடக்கக் கணினி ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுடையது. இன்றோ 1.5 கிலோகிராமுக்கும் குறைந்த மடிக்கணினிகள் கிடைக்கின்றன. நாள்தோறும் பையில் சுமந்து செல்லும் மாணவர்க்கு இது பெரும் நன்மையாகும். மின்னூட்டியின் எடையையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

ஆயினும் எடைக்குறைவு ஒன்றே தகுதியாகாது. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் அதனைப் பெருக்க இயலாது. ஆதலின் வாங்கும்பொழுதே 8 ஜிகாபைட், இயலுமாயின் 16 ஜிகாபைட் நினைவகம் உடையதைக் கொள்ளுதல் நன்று. சேமிப்பகம் சுழலும் வட்டாக இன்றித் திண்மநிலையினதாக இருத்தல் வேண்டும். அதில் அசையும் உறுப்புகள் இல்லை; எனவே அது விரைந்து இயங்கும்; அதிர்ச்சியையும் தாங்கும். விளையாட்டுகளுக்கென அமைந்த தனி வரைகலைச் செயலியோ விலையையும் எடையையும் கூட்டும்; மின்கலத்தையும் விரைவில் வற்றச் செய்யும். எழுதுவதே பெரும்பணியாதலின், விசைப்பலகையில் சில வரிகள் எழுதிப் பார்த்தல் தக்கது.

பெற்றோர் பல திங்கள் சேர்த்த பொருள் ஒரே நாளில் செலவாகின்றது. ஆகவே, பழுதுபார்க்கும் நிலையம் அருகில் உள்ளதா, தேய்ந்த மின்கலத்தை மாற்ற இயலுமா என வினவி அறிதல் கடமையாகும். விலை குறைந்தது யாவும் மலிவானதன்று. படிப்பு முடியுங்காறும் பழுதின்றி உழைப்பதே மலிவானது.