உங்க வேலை நேரத்தை எழுதி வைக்க வேண்டியது யார்?

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் தாராசுரம், கும்பகோணம் வட்டாரத்துப் பட்டுச் சேலைக் கடைகளில் நிற்கக்கூட இடம் இருக்காது. அப்படி ஒரு கடையில் விற்பனையாளராக இருக்கும் ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்வோம். காலை 9.30-க்கு வேலைக்கு வருகிறார். மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. இரவு 7.30-க்கு ஷட்டர் இறங்குகிறது. ஆனால் உடனே கிளம்ப முடியாது. பிரித்துக் காட்டிய சேலைகளை மடித்து, அடுக்கி, கணக்கை ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது மணி 8.30.

வருகைப் பதிவேட்டிலோ தினமும் 'காலை 9.30 – மாலை 6.30' என்றுதான் இருக்கிறது. மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள்.

"தினமும் ரெண்டு மணி நேரம் கூடப் பார்த்தேனே, அதுக்குச் சம்பளம்?" என்று கேட்டால், "நோட்டுல அப்படி எதுவும் இல்லையேம்மா" என்று பதில் வருகிறது.

பிரச்சினை அந்த நோட்டில்தான் இருக்கிறது. அதைச் சரியாக எழுதுவது முதலாளியின் விருப்பம் அல்ல, சட்டப்படியான கடமை.

எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம்?

கடைகளுக்குப் பொருந்துவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன்படி பொதுவான வரம்புகள் இவை:

• ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்.
• ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.
• தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால், நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும்.
• ஓவர்டைமுக்கு வழக்கமான சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு தர வேண்டும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். 9.30 முதல் 8.30 வரை 11 மணி நேரம். சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தால் 10 மணி நேர வேலை. நாள் கணக்கில் இது வரம்புக்குள்தான் வருகிறது. ஆனால் ஆறு நாளும் இப்படியே போனால் வாரத்துக்கு 60 மணி நேரம். 54 என்ற வரம்பு மீறப்படுகிறது. வரம்பை மீறி வேலை வாங்குவது தவறு. அதற்காக, பார்த்த வேலைக்குச் சம்பளம் கிடையாது என்று ஆகிவிடாது.

பணமாக எவ்வளவு?

மாதச் சம்பளம் 13,000 ரூபாய், வேலை நாள் 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு 500 ரூபாய். 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 62.50 ரூபாய். ஓவர்டைம் என்றால் இரண்டு மடங்கு, அதாவது மணிக்கு 125 ரூபாய். தினமும் 2 மணி நேரம் வீதம் வாரத்துக்கு 12 மணி நேரம் கூடுதல் வேலை என்றால் 1,500 ரூபாய். நோட்டில் ஏறாததால் வாராவாரம் கை நழுவுவது இந்தத் தொகை.

யார் எழுத வேண்டும்?

முதலாளிதான். ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேலையாட்களின் விவரம், வருகை, சம்பளம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்கிறது இது. பதிவேடு வைக்காவிட்டாலோ, சரியாகப் பராமரிக்காவிட்டாலோ 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு, அதே நாளில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 2020-ம் இருக்கிறது. தினசரி வேலை நேரம், வார ஓய்வு நாள், ஓவர்டைம், வருகை, விடுப்பு எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நோட்டுப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை, கணினிப் பதிவாகவும் இருக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் சொந்தத் தறியில் நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நெசவாளர்களின் கணக்கு வேறு. இங்கே சொல்வது ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கானது.

இது புதுசா?

இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-ல் நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே தொழிற்கூடங்களின் வேலை நேரம் பற்றியதுதான். கூடுதல் நேரத்தை முதலாளி பதிவு செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. இந்தியா அதை 1921-ல் ஏற்றுக்கொண்டது. ஓவர்டைமை மட்டும் குறித்தால் போதுமா என்ற கேள்வி பின்னாளில் ஐரோப்பாவில் எழுந்தது. தினசரி வேலை நேரத்தை அளக்காமல் எது ஓவர்டைம் என்று எப்படித் தெரியும்? அதனால் தினசரி நேரத்தை அளக்கும் ஏற்பாட்டை முதலாளிகள் செய்தே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே மாதம் தீர்ப்பளித்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• எழுதாத பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.
• வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் அன்றன்றே மொபைலில் குறித்து வையுங்கள். ஷட்டர் இறங்கிய பிறகு பார்த்த வேலையையும் சேருங்கள்.
• சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள்.
• முதலில் முதலாளியிடமே பேசிப் பாருங்கள். சரியான பதிவேடு அவருக்கும் பாதுகாப்புதான். யாராவது இல்லாத நேரத்துக்குப் பணம் கேட்டால் அவர் காட்டக்கூடிய ஆதாரம் அதுவே.
• பேசியும் தீரவில்லை என்றால், உங்கள் பகுதி தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முதலமைச்சர் உதவி மைய எண் 1100-லும் சொல்லலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

சம்பளப் பாக்கிக்கு 3 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பை ஊதியச் சட்டத் தொகுப்பு முதலாளி மேல் வைத்திருக்கிறது. ஆனால் எந்தெந்த நாள், எத்தனை மணி வரை வேலை பார்த்தீர்கள் என்று அதிகாரி கேட்கும்போது, "தினமும் லேட்டாத்தான் போவேன் சார்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, தேதியும் நேரமுமாக எழுதிய குறிப்பைக் காட்டுவது எவ்வளவோ மேல்.

அந்தக் குறிப்பை ஆரம்பிக்க நல்ல நாள் பார்க்க வேண்டாம். இன்றைக்கு வேலை முடிந்து கிளம்பும்போது மணி என்ன என்று பார்த்து, மொபைலில் முதல் வரியை எழுதிவிடுங்கள்.