மலிவான தீவனம் எது?



முட்டையை விட்டு வெளிவரும்போது கோழிக்குஞ்சின் எடை ஏறத்தாழ 40 கிராம். இறைச்சிக்கென வளர்க்கப்பெறும் இனமாயின், அக்குஞ்சே ஐந்தாறு வாரங்களில் 2 கிலோ எடையை எய்திவிடுகிறது. ஐம்பது மடங்கு வளர்ச்சி! இவ்வளர்ச்சிக்கு ஆதாரம் தீவனமே. கோழி வளர்ப்போரின் செலவில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு வரை தீவனத்திற்கே போய்விடுகிறது.

இத்தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் ஆகும். சோயாவோ பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் போன்ற வெளிமாநிலங்களில் விளைவது. அதன் விலை ஏறும்போது, தாமே தீவனம் கலக்கும் சிறு பண்ணையாளர் திகைத்து நிற்கிறார். உள்ளூர்ச் செக்கில் கிடைக்கும் கடலைப் பிண்ணாக்கை மட்டும் இட்டால் ஆகாதோ என்று அவர் கேட்பது இயல்பே.

ஆகாது, அதற்குக் காரணம் உண்டு. புரதம் ஒரே பொருளன்று. அமினோ அமிலங்கள் பல சேர்ந்து அமைவது. செங்கல் மலைபோல் குவிந்திருப்பினும், சுண்ணாம்பு இல்லையேல் சுவர் எழாது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் மிகுதி. எனினும் லைசின், மெத்தியோனின் என்னும் இரண்டு அமிலங்களும் அதில் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் உண்டு, லைசின் போதாது. உப்பிடாது உலர்த்திய சிறுமீனின் தூளிலோ இரண்டும் உண்டு. ஆகவே இம்மூன்றையும் அளவறிந்து கலந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நீக்கும். உப்பிட்ட கருவாடு மட்டும் கூடாது. மிகுந்த உப்பு குஞ்சுகளுக்கு நஞ்சு.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் வான்கோழிகள் லட்சத்திற்கும் மேலாக மடிந்தன. ஆராய்ந்தபோது, அவை உண்ட கடலைப் பிண்ணாக்கில் பூசணம் படர்ந்து நஞ்சு ஊறியிருந்தது தெரியவந்தது. அந்நஞ்சே அஃப்ளடாக்சின். கொதிக்க வைத்தாலும் அது முற்றும் அழியாது. எனவே பிண்ணாக்கை ஈரமின்றிக் காயவைத்து, தரையில் படாது பலகைமேல் அடுக்கிவைத்தல் வேண்டும். பூசணம் கண்டதை விலை கருதிக் கலத்தல் பெரும் நஷ்டத்திற்கு வழி.

இனி, சிறு கணக்கு ஒன்று. கிலோ 40 ரூபாய் விலையுள்ள தீவனத்தில் 1.7 கிலோ உண்டு கோழி ஒரு கிலோ எடை ஏறுகிறது என வைத்துக்கொள்வோம்; செலவு 68 ரூபாய். கிலோ 30 ரூபாய்த் தீவனத்தில் அதே எடைக்கு 2.5 கிலோ வேண்டுமாயின் செலவு 75 ரூபாய். இவற்றுள் மலிவானது எது?

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை அயலிலோ கோழி வளர்ப்போர் உள்ளூர்ச் சரக்கைக் கலக்க விரும்பினால், முதலில் பத்துக் குஞ்சுகளைத் தனியே பிரித்து, வாரந்தோறும் தீவனத்தையும் எடையையும் நிறுத்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். மலிவு எது என்பதை மூட்டையின் விலை கூறாது, தராசு கூறும்.